ஒரிஜினல் மீட்டர்

கேஸை அணைத்தேனா என்று தெரியவில்லை. பாலைக் காய்ச்சி இறக்கியது ஞாபகம் இருக்கிறது, அவருக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்று அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது நன்றாகவே ஞாபகம் இருக்கிறது, நடுவில் அந்தத் திருகைத் திருப்பிய என் கை மட்டும் எங்கேயும் இல்லை. அணைத்திருப்பேன். இத்தனை வருஷம் அணைத்த கை நான் சொல்லாமலே அணைத்திருக்கும். புதுப்பேட்டையில் ஜக்கரியா பாயின் பழைய கார் சாமான் கடை வாசலில், வருகிறவர்கள் உட்கார அம்பாசிடர் காரின் பின்சீட்டு ஒன்றைத் தரையில் போட்டிருக்கிறார்கள். ஒரு மூலையில் நான், இன்னொரு மூலையில் அவர், நடுவில் என் கைப்பை. இந்த சீட்டு காரில் இருந்த காலத்தில் மடியில் ஒன்று காலடியில் ஒன்று என்று ஒரு குடும்பமே இதில் அடைந்து கல்யாணத்துக்குப் போயிருக்கும். இப்போது இரண்டே பேர், பஸ்ஸில் தெரியாத ஆட்கள் உட்காருகிற மாதிரி, இடம் விட்டு. நான் பையை எடுத்து மடியில் வைத்தால் அவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொள்வார் என்று தெரியும், அதனால் பை அங்கேயே இருக்கட்டும். பாய் குடோனுக்குப் போயிருக்கிறார். "குந்துங்கமா, இதோ வந்துர்றேன், கொண்டாரதுக்கு முன்னால எதுனா கேக்கணும்னா போன் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காகத்தான் எப்போதும் ஊமையாக வைத்திருக்கிற போனை இன்றைக்கு மணியடிக்க வைத்தேன். எப்போதும் ஏன் ஊமையாக வைக்கிறேன் என்பது வேறு கதை. வேறு கதை என்ன, இதே கதைதான். எதிர்க் கடையில் கார்க் கதவுகளைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வீடு இல்லாத கதவுகள். அவற்றைத் திறந்தால் சுவர்தான் இருக்கும். இப்படியெல்லாம் நினைக்க ஆரம்பித்தால் தலை வலிக்கும், கேஸை நினைப்பதே மேல்.

கார் எனக்கு மூத்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் வாங்கிவிட்டார். நீலகிரியில் எஸ்டேட் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், இரண்டு பேர் மட்டும் உட்காருகிற, கூரையைப் பின்னால் மடித்துவிடுகிற, தரையோடு தரையாகப் போகிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பெண் பார்க்க அதில்தான் வந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் பின்னாலே டாக்சியில் வந்தார்கள். "பையன் மின்சார வாரியத்துல இன்ஜினியர், குணம் தங்கம், எல்லாம் சரி, நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தா அந்த வண்டியில எங்க வெப்பாரு" என்று என் பெரியப்பா கவலைப்பட்டார். பிறந்தபோது என் மடியில் வைத்தார், வேறெங்கே. பொற்கொடி ஒன்பது வயதுவரை என் மடியில்தான் வந்தாள், இப்போது புனேயில் அவள் மடியில் அவள் பிள்ளை. மூத்தாள் மூத்தாள் என்று நான் கேலி செய்தால் அவருக்குப் பெருமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் குளிப்பாட்டி, துடைத்து, அடியில் படுத்துப் பார்த்து, எழுந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு "ஏ அரசி, காப்பி" என்பார். மங்கையர்க்கரசி என்று என் அப்பா வைத்த பெயரில் முன்பாதியை அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஏ அரசி, ஏ அரசி. கனகசபை என்ற பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, என்னங்கதான். அந்தக் காரில் ஒரு விசேஷம், வேகம் காட்டுகிற மீட்டர் ஓட்டுகிறவருக்கு நேரே இல்லை, நட்டநடுவில் இருக்கும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கும் அவ்வளவே தெரியும். மகாபலிபுரம் ரோட்டில் முள் எழுபது மைலைத் தாண்டும்போது நான் அவரைப் பார்க்க மாட்டேன், முள்ளைத்தான் பார்ப்பேன். "போதும்" என்பேன். முள் இறங்கும். எங்கள் குடித்தனத்தில் நான் சொல்லி உடனே நடந்த காரியம் அது ஒன்றுதான், அதையும் மனிதரிடம் கேட்டேனா முள்ளிடம் கேட்டேனா என்று சொல்ல முடியாது.

அந்த மீட்டருக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்குத் தலையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிடந்த நாளெல்லாம் கார் ஷெட்டில் கிடந்தது. வண்டி ஓடாமல் நின்றால் கெட்டுப்போகும் என்று அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் மெக்கானிக் லூர்துவைக் கூப்பிட்டு, அவர் திரும்பி வரும்போது வண்டி தயாராக இருக்கட்டும் என்றேன். லூர்து நல்லவன். நல்லவர்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்துவிடுவார்கள். ஓட்டிப் பார்த்திருக்கிறான், மீட்டரில் முள் அசையவில்லை. முள் அசையவில்லை என்றால் மீட்டர் போச்சு என்பது அவர்கள் கணக்கு. கழற்றிப் பழைய சாமான் மூட்டையில் போட்டுவிட்டு, ஹெரால்டு கார் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். மெட்ராஸிலேயே செய்த ஹெரால்டும் இந்த ஸ்பிட்ஃபயரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அதனுடைய சாமான் பாதி இதற்குப் பொருந்தும். "அப்படியே சிக்குனு உக்காந்துச்சும்மா, சார் பாத்தா கண்டுபுடிக்கவே மாட்டாரு" என்றான். பொருந்திவிடுவதுதான் தொல்லை. பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றிருந்தால் இரண்டு நாளில் மாற்றியிருப்போம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் வீட்டுக்குள் நுழையவில்லை, நேரே ஷெட்டுக்குப் போனார். கதவைத் திறந்து குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "இது என் வண்டி இல்ல, டூப்ளிகேட்" என்றார். எல்லாரும் அசந்துபோனோம், பார்த்தாயா, தலையில் அத்தனை நடந்தும் மூளை எவ்வளவு கூர்மை என்று. பொற்கொடி அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். அன்று சாயங்காலம் நான் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனேன். காரைப் பார்த்த அதே பார்வை பார்த்தார். "நீங்க யாரு? அச்சு அசல் அவளை மாதிரியே இருக்கீங்க" என்றார். காரைப் பற்றிச் சொன்னது சரியாக இருந்ததால் இதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தேன். நான் சிரித்ததும் அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இங்கே கண், இங்கே முகம் தெரிந்துகொள்கிற இடம், இங்கே அந்த முகத்தைப் பார்த்ததும் நெஞ்சில் ஏதோ ஒன்று எழும்புகிற இடம், இரண்டுக்கும் நடுவில் போகிற வழி அறுந்துவிட்டது. முகம் சரியாகத் தெரிகிறது, ஆனால் எழும்ப வேண்டியது எழும்பவில்லை, அதனால் மூளை தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது, இது அவள் இல்லை, அவள் மாதிரி இருக்கிற இன்னொருத்தி. "அவர் உங்களை மறக்கலைம்மா, ரொம்ப நல்லா ஞாபகம் வெச்சிருக்கார், அதனாலதான் நீங்க இல்லைங்கறார்" என்றார் டாக்டர். ஆறுதலாகச் சொன்னாரா எப்படிச் சொன்னார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாட்சி காட்டாமலா இருப்பேன். கல்யாணமான புதிதில் மகாபலிபுரத்தில் டிக்கியிலிருந்து சாப்பாட்டுக் கூடையை எடுக்கும்போது சைலன்சர் பட்டுக் காலில் சுட்டுக்கொண்டேன், முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு, அரச இலையளவு. அவர்தான் ஐஸ் வைத்துக் கட்டினார். புடவையை ஒதுக்கி அதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நல்லா செஞ்சிருக்காங்க. ஆனா இன்ஜின்ல போலி நம்பர் அடிக்கிற மாதிரி, இதெல்லாம் இப்ப ரொம்ப ஈசிங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கம் இல்லை, கொஞ்ச நேரம்தான், அடுப்பில் ரசம் இருந்தது. அதிலிருந்து எனக்கு வாங்க போங்கதான். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார். தட்டை அவரே கழுவி வைக்கிறார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்கிறார். ராத்திரி கூடத்தில் படுத்துக்கொள்கிறார், உள்ளே எனக்கு விட்டுவிட்டு. இத்தனை வருஷத்தில் கிடைக்காத மரியாதை. பக்கத்து வீட்டு அம்மா பொறாமைப்படுகிறாள், உங்க வீட்டுக்காரர் எவ்வளவு மரியாதையா நடத்தறார் என்று. எனக்கு அந்த மரியாதை வேண்டாம், ஒரே ஒரு தடவை ஏ அரசி என்று என் முகத்தைப் பார்த்து அதட்டினால் போதும். அதற்குத்தான் இந்த மீட்டர். காரைத்தான் முதலில் டூப்ளிகேட் என்றார், என்னை அப்புறம்தான். கார் ஒரிஜினல் ஆகிவிட்டால், அதில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் மட்டும் எப்படி டூப்ளிகேட்டாக இருக்க முடியும்? டாக்டரிடம் கேட்டேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

டீ வந்தது. அவர் முதல் டம்ளரை எனக்கு நீட்டுகிறார். "எடுத்துக்குங்க, சூடா இருக்கு, பாத்து." இங்கே அவர் தெம்பாக இருக்கிறார். கிரீஸ் வாசனை, எங்கேயோ சுத்தியல் தட்டுகிற சத்தம், தலைக்கு மேலே கயிற்றில் கோத்துத் தொங்குகிற கியர் சக்கரங்கள், எல்லாம் அவருக்குப் பிடித்தவை. வீட்டில் இருக்கும்போது இது யார் வீடு என்ற பார்வை எப்போதும் முகத்தில் இருக்கும், இங்கே அது இல்லை, ஏனென்றால் இங்கே எல்லாமே யாருடையதோதான். பக்கத்தில் ஒருத்தர் ஹெட்லைட் கண்ணாடியை எடுத்துப் பார்க்கிறார். இவர் எட்டிப் பார்த்து, "ஓரத்துல எழுத்து மேடா இருக்கா தடவிப் பாருங்க, வழவழன்னு இருந்தா டூப்ளிகேட்" என்று சொல்கிறார். அந்த ஆள் தடவிப் பார்த்துத் தலையாட்டுகிறார். எழுத்து மேடாக இருக்கிறதா. என்னைத் தடவினால் என்ன இருக்கும். கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது, முன்பல் இரண்டும் கட்டின பல், வலது முழங்கால் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாற்றியது, முடிக்கு மை. கணக்குப் பார்த்தால் லூர்து ஒரு மீட்டர்தான் மாற்றினான், என்னில் அதற்குமேல் மாற்றியிருக்கிறார்கள். சில சமயம் ராத்திரி தூக்கம் வராமல், அவர் சொல்வது சரியாக இருந்தால் என்று தோன்றும். காரைப் பற்றிச் சொன்னதில் அவர் தப்பில்லையே. அவர் தேடுகிற அரசி, முள் எழுபதைத் தாண்டினால் போதும் என்று சொல்கிறவள், சண்டை போடுகிறவள். இப்போது நான் சண்டை போடுவதில்லை. வாங்க போங்க என்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது. நான் பயந்து பயந்து, மெதுவாகப் பேசி, நல்லவளாகவே இருந்து இருந்து, யாரோ ஒரு நல்ல அம்மாவாகவே ஆகிக்கொண்டு வருகிறேனோ. பயமாகத்தான் இருக்கிறது. டீயில் சர்க்கரை அதிகம். கேஸை அணைத்தேன், இப்போது நிச்சயம், பால் பாத்திரத்தை இறக்கின கையோடு அணைத்தேன், அந்த டப் சத்தம் கேட்டது. கேட்ட மாதிரி இருக்கிறது.

போன் சமாசாரம் தற்செயலாகத் தெரிந்தது. காய் வாங்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது, அவர் தனியாக இருக்கிறாரே என்று போன் செய்தேன். அவருடையது பெரிய பெரிய பட்டன் வைத்த போன், ஒன்றை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி பொற்கொடி செய்து வைத்திருக்கிறாள். எடுத்தார். "ஏ அரசி, எங்கடி போய்த் தொலஞ்ச இத்தன நாளா" என்றார். கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையை அந்தக் கடைத் தராசுமேலேயே வைத்துவிட்டேன். "காய் வாங்க வந்தேன்" என்றேன், வேறென்ன சொல்வது. "வீட்டுல யாரோ ஒரு அம்மா இருக்காங்க. நல்ல மாதிரிதான். சமையல்கூட உன்ன மாதிரியே செய்யறாங்க. ஆனா எத்தன நாளைக்கு இப்படி? சீக்கிரம் வா" என்றார். ஆட்டோ பிடித்து ஓடினேன். கதவைத் திறந்து, "வாங்க, நனைஞ்சிட்டீங்களே" என்று துண்டை எடுத்துக் கொடுத்தார். குரல் மட்டும் போகிற வழி அறுபடவில்லை என்றார் டாக்டர். முகமும் சேர்ந்து வந்துவிட்டால் குரலும் கெட்டுவிடுகிறது. அன்றிலிருந்து சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், துணி எடுக்கிற சாக்கில், கீழே இருக்கிற அவருக்குப் போன் செய்கிறேன். என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களா, நானே கொடுத்த மாத்திரையை நானே விசாரிக்கிறேன். அந்த அம்மாவைப் பற்றி என்னிடம் சொல்வார். ஒரு நாள், "பாவம், அந்தம்மா கொல்லைப்பக்கம் நின்னு அழறாங்க, என்னன்னு கேக்கறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு" என்றார். நான் ஊருக்குப் போயிருக்கிறேன், வந்துவிடுவேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் என்னைக் கூப்பிடுகிற நேரத்தில் இந்த அம்மாவின் பையில் மணி அடித்துவிடக் கூடாதே, அதனால்தான் போன் ஊமை. மொட்டை மாடியில் உலர்ந்த வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, கட்டின புருஷனோடு இப்படித் திருட்டுத்தனமாகப் பேசுகிறேன். பேசி முடித்துக் கீழே இறங்கும்போது மட்டும் படி நீளமாக இருக்கும்.

பாய் வருகிறார். கையில் செய்தித்தாளில் சுற்றின பொட்டலம், சட்டை முதுகெல்லாம் வேர்வை. லூர்து போட்ட மூட்டை எந்தக் கடைக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று மாதக்கணக்காக விசாரித்துக்கொண்டிருந்தார், முந்தாநாள்தான் சொல்லி அனுப்பினார், ஒன்று கிடைத்திருக்கிறது, அதுதானா என்று சார் வந்து பார்க்கட்டும் என்று. "இன்னா சார், ரொம்ப நேரம் குந்த வெச்சுட்டேனா" என்றபடி பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைக்கிறார். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், சுற்றிலும் மங்கின வெள்ளி வளையம், கண்ணாடிமேல் எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கு எல்லா மீட்டரும் ஒரே மாதிரிதான். அவர் எடுத்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார், ஆமாம், முகர்ந்து பார்த்தார். பாய் பின்பக்கத்து ஓட்டையில் ஒரு கம்பியை விட்டுச் சுற்றினார், முள் எழுந்து இருபது முப்பது என்று போய்விட்டு விழுந்தது. "பாத்தீங்களா, மீட்டர்ல ஒண்ணுமே கம்ப்ளைன்ட் இல்லமா. கேபிள்தான் அறுந்திருக்கும். அத பாக்காம இத கழட்டிப் போட்டுக்கீறான்." அறுந்தது கேபிள்தான். டாக்டர் படம் போட்டது நினைவு வந்தது, உடனே வேண்டாம் என்று தள்ளினேன், கேபிள் கடையில் கிடைக்கும். பாய் ஒரு கந்தலை பெட்ரோலில் நனைத்தார். "குடுங்க சார், கண்ணாடியச் சுத்தமா தொடச்சு, வளையத்த பாலீஷ் போட்டுத் தரேன், புதுசு கணக்கா ஆயிரும். கீழ பாருங்க, துரு கட்டிக்கினு கீது." அவர் மீட்டரை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். "தொடாதீங்க" என்றார். கத்தினார் என்றுகூடச் சொல்லலாம். எதிர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "இது துரு இல்ல பாய். குங்குமம்."

குங்குமம். எனக்கே மறந்துபோயிருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது மீட்டருக்கும் வைப்பேன். கண்ணாடியில் வைக்காதே, கறை போகாது என்று அவர் கத்துவார். சரி கண்ணாடியில் வேண்டாம் என்று வளையத்தின் அடிவிளிம்பில், நடுவில், மோதிர விரலால் ஒரு பொட்டு. அவர் அடுத்த நாள் துடைப்பார், துடைத்தது போக மீதி வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இறங்கி, அடுத்த வருஷம் அதன்மேல் அடுத்தது, இப்படி ஏறி ஏறிக் காய்ந்து கருஞ்சிவப்பாக உட்கார்ந்திருக்கிறது. அவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். எழுத்து மேடாக இருக்கிறதா என்று தடவுகிற மாதிரி இல்லை, மெதுவாக. "என் வண்டி மீட்டர்தான். ஒரிஜினல்" என்றார். முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று அங்கே எழும்பியிருந்தது, டாக்டர் படத்தில் காட்டினாரே, அது. "இது என் சம்சாரம் வெச்சது பாய். சொன்னா கேக்க மாட்டா. வெக்காதன்னா இங்கதான் வெப்பா. இது அவ விரல்." என் வலது கை என் மடியில் இருந்தது. மோதிர விரல் கொஞ்சம் நீண்டிருந்ததோ என்னவோ, அவர் என் பக்கம் திரும்பினார். இப்போது, என்று நினைத்தேன். இப்போது. கண்ணெல்லாம் ஈரமாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களாங்க, என் வொய்ஃப் வெச்சது. நீங்க அவளப் பாத்ததில்ல இல்ல?" என்று அந்த விளிம்பை எனக்குக் காட்டினார். "ஆமாங்க, பாத்ததில்ல" என்றேன். என் வாய்தான் சொன்னது. நெஞ்சில் ஒன்றும் உடையவில்லை, அப்படியே இருந்தது, டீ டம்ளரைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான். அவர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், இது எந்தக் கடையில கெடச்சுது? அங்க இன்னொரு தடவ விசாரிங்க. மீட்டர் இருந்த எடத்துலதான் அவளும் எங்கயாவது இருப்பா. ரெண்டும் ஒரே சமயத்துலதான் வீட்ட விட்டுப் போச்சு. அதுக்குப் பதிலா இவங்க வந்தாங்க, நல்லவங்க, நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா எனக்கு அவதான் வேணும்." பாய் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் திறந்தேன். பாய்க்கு எவ்வளவு புரிந்ததோ, கந்தலைக் கீழே போட்டுவிட்டு, "விசாரிக்கிறேன் சார், கண்டிப்பா விசாரிக்கிறேன்" என்றார்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவளிடம் உடனே சொல்லவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றை அழுத்திப் பிடித்தார், நான் பையை எட்டுவதற்குள் எங்கள் நடுவில் என் பை அடிக்க ஆரம்பித்துவிட்டது. பாய் வந்ததும் திரும்ப ஊமையாக்க மறந்த போன். அவர் காதில் வைத்த போனோடு பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன், அவ போன் உங்ககிட்ட எப்படி என்று கேட்கப் போகிறார், இனி சாயங்காலங்களும் இல்லை. "உங்க போன் அடிக்குதுங்க, எடுங்க" என்றார், எப்போதும் போல மரியாதையாக. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, தெருவைக் குறுக்கே கடந்து, அந்தக் கதவுகள் சாய்த்திருந்த சுவரோரம் போய் நின்று எடுத்தேன். "ஏ அரசி, மீட்டர் கெடச்சிடுச்சு, நம்ம மீட்டரே கெடச்சிடுச்சு." எதிரில், அம்பாசிடர் சீட்டில், மடியில் மீட்டரோடு உட்கார்ந்து அவர் சின்னப் பையன் போலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். "கெடச்சிடுச்சா" என்றேன். "உன் குங்குமம் அப்படியே இருக்கு. இனிமே எங்க வேணா வெச்சுக்கோ, கண்ணாடியிலயே வெச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லல. எங்கடி இருக்க நீ?" "பக்கத்துலதாங்க" என்றேன். "பக்கத்துலன்னா?" ஒரு லாரி எங்கள் நடுவில் ஊர்ந்து போனது. போனதும் அவர் அங்கேயேதான் இருந்தார். "அந்தம்மாவும் கூட வந்திருக்காங்க அரசி. இவ்வளவு நேரம் என்னோட உக்காந்திருந்தாங்க. இப்ப எதுத்தாப்புல வெயில்ல நின்னுக்கிட்டு யார்கிட்டயோ பேசறாங்க. மொகமே சரியில்ல, அழறாங்க போல." "கூப்பிட்டு நெழல்ல ஒக்கார வைங்க" என்றேன். "நான் கூப்பிடலாமா? உனக்கு ஒண்ணும் இல்லியே?" "எனக்கு ஒண்ணும் இல்ல. கூப்பிடுங்க." அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து நின்று, மீட்டரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு என் பக்கம் தலையசைத்தார். "அம்மா, இங்க வாங்கம்மா. வெயில்ல நிக்காதீங்க." போனிலும் கேட்டது, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது.